பப்பாசி விதை எடுக்கப் போகிறீர்களா? முதலில் பூவைப் பாருங்கள்

நல்ல பழம் ஒன்று வாய்த்தால் விதையைக் காயவைத்து வளவில் போடுவோம். ஆனால் கையில் இருக்கும் பழம் தாய் மரத்தை மட்டும்தான் காட்டும், தகப்பன் யாரென்று சொல்லாது. பப்பாசியில் முக்கால்வாசி ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

பப்பாசியில் ஆண், பெண், ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உள்ள இருபால் என்று மூன்று வகை மரம் உண்டு. இதைத் தீர்மானிப்பது எக்ஸ், வை என்ற நிறமூர்த்தங்கள்: பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு வையும், இருபால் மரத்துக்கு ஒரு எக்ஸோடு கொஞ்சம் மாறுபட்ட ஒரு வை. எந்த இரண்டு வை சேர்ந்தாலும் கரு பிழைக்காது. இதை நினைவில் வைத்தால் மிச்சக் கணக்கு தானாக வரும். பெண் மரத்தில் ஆண் மகரந்தம் விழுந்தால் பாதி விதை ஆணாகப் போகும், அதாவது பாதி உழைப்பு வீண். பெண்ணோடு இருபால் சேர்ந்தால் பாதி பெண், பாதி இருபால். இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்தால் மூன்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண், ஆண் ஒன்றுகூட வராது. நமக்கு வேண்டியது இந்தக் கடைசி வகை விதைதான்.

சரி, மரத்தை எப்படிப் பிரித்தறிவது? ஆண் மரத்தில் நீளமான காம்புகள் தொங்கி, அதில் மெல்லிய குழல் பூக்கள் கொத்தாக இருக்கும். பெண் பூ தண்டோடு ஒட்டி, அடி பருத்து, உள்ளே மகரந்தப்பை இல்லாமல் இருக்கும், பழமும் உருண்டை. இருபால் பூ ஒடுக்கமானது, விரித்தால் சூலகத்தைச் சுற்றிப் பத்து மகரந்தப்பைகள் தெரியும். பழம் நீண்டு, சதை தடித்திருக்கும். விதையின் நிறத்தையும் வேரின் வடிவத்தையும் பார்த்து ஆண், பெண் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

நல்ல இருபால் மரத்தில் நாளைக்கு விரியப்போகும் வெள்ளை மொட்டாகப் பார்த்து, அதே கணுவில் உள்ள மற்றப் பூக்களைக் கிள்ளிவிட்டு, வேறு மரத்து மகரந்தம் விழாதபடி ஒரு கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள். பொலித்தீன் வேண்டாம், நம் வெயிலுக்குப் பூ உள்ளேயே வெந்துவிடும். பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றி, காம்பில் ஒரு நிற நூல் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பழுக்கிற நேரம் எது எதுவென்று தெரியாது. பழுத்த பிறகு விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அந்தத் தோல் இருந்தால் முளைப்பு பிந்தும்.

இரண்டு இனத்தைக் கலக்க ஆசை என்றால் பெண் மரத்தையே தாயாக எடுங்கள், மகரந்தப்பை பிடுங்கும் வேலை இல்லை. மொட்டிலேயே மூடி வைத்து, விரிந்ததும் மற்ற இனத்து இருபால் பூவின் மகரந்தத்தை சூல்முடியில் தடவி, திரும்ப மூடினால் போதும். ரெட் லேடி மாதிரிக் கலப்பினத்தில் எடுத்த விதை மட்டும் வேறு கதை: ஆண், பெண், இருபால் கணக்கு மாறாது, ஆனால் இனிப்பும் அளவும் மரத்துக்கு மரம் சிதறும். ஒரே மாதிரிப் பழம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் புது விதை வாங்க வேண்டியதுதான்.

நடும்போது குழிக்கு மூன்று கன்று, ஒன்றுக்கொன்று ஒரு அடி தள்ளி. மூடி எடுத்த விதையில் மூன்றும் பெண்ணாகிவிடும் வாய்ப்பு 27க்கு 1, இரண்டு மட்டும் வைத்தால் 9க்கு 1. பூ வந்ததும் ஒரு இருபாலை விட்டு மற்றதை அடியோடு வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் அசையும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை மணலில் தண்ணீர் வடிந்துவிடும், மேற்கே படுவான்கரைப் பக்கம் என்றால் மேடு கட்டித்தான் நட வேண்டும், மாரியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும்.

கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று அடிக்கும் காலத்தில் இருபால் மரம் சூலகம் சுருங்கி ஆண் பூ மாதிரியே பூத்துக் கொட்டும். அதைப் பார்த்து அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள், தண்ணீர் விட்டு அடியில் வைக்கோல் பரப்பி வையுங்கள், சூடு தணிந்ததும் காய்க்கிற பூ திரும்ப வரும். பை கட்டும் வேலையையும் அதுவரை தள்ளிப் போடுங்கள்.