புதிய மென்பொருள் சிந்தசைசர் வாங்கலாமா: குழுவின் வாக்குவாதத்தைக் காதால் தீர்க்கும் முறை

புதிதாக வந்த மென்பொருள் சிந்தசைசர் (கணினியிலேயே இசை ஒலிகளை உருவாக்கித் தரும் நிரல்) ஒன்றைப் பற்றி இசைக்காரர்கள் நான்கு பேர் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சு எளிதில் முடிவுக்கு வராது. தருமபுரியில் எங்கள் இன்னிசைக் குழுவின் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைகள் அப்படித்தான் கழிந்தன. கீபோர்டு வாசிக்கும் நான், அதன் டோன் (ஒலியின் சாயல்) கனமாக இருக்கிறது என்றேன். மிக்சரில் உட்காரும் பாலக்கோட்டுக்காரர், மேடையில் அது காணாமல் போய்விடும் என்றார். ஓசூரில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் நண்பர், இதற்கு ஈடானது இலவசமாகவே கிடைக்கிறதே என்றார். வண்டி, ஜெனரேட்டர், சம்பளம் என்று எல்லாக் கணக்கையும் பார்க்கும் குழுத் தலைவரோ, "பழைய டோனுக்கு யாராச்சும் கைதட்டாம போனாங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் நால்வரும் நான்கு வேறு விஷயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆகவே, மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் தம் ஐயத்தை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். "நல்லா இருக்குமா?" என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி அன்று. "தவிலும் பம்பையும் ஒலிக்கும்போது இந்த லீடு டோன் (மெட்டை வாசிக்கும் தனி ஒலி) கேட்குமா?", "ஆறு சுரங்களை ஒன்றாகப் பிடித்தால் லேப்டாப் தாங்குமா?" என்பவை சோதிக்கக்கூடியவை. எழுதிய வரிகளைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டால், பேச்சு திசைமாறும்போது திருப்பிக் கொண்டுவர வசதியாக இருக்கும்.

அடுத்தது, எதோடு ஒப்பிடுவது என்பதை முடிவு செய்வது. பழைய டோனை நினைவில் வைத்துக்கொண்டு புதியதைக் கேட்டால் புதியதே வெல்லும். காதின் நினைவு அவ்வளவு நம்பத்தக்கதன்று. நீங்கள் இப்போது பயன்படுத்துவதும், இலவசமாகக் கிடைப்பவற்றில் ஒன்றிரண்டும் அதே கணினியில் இருக்க வேண்டும். சர்ஜ் முதலில் விலைக்கு விற்கப்பட்டு, 2018இல் அதன் மூல நிரல் பொதுவில் திறந்துவிடப்பட்டது; அதன் வழிவந்த சர்ஜ் எக்ஸ்டி இன்று முற்றிலும் இலவசம். 2020இல் வந்த வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. யமஹா 1983இல் வெளியிட்ட டிஎக்ஸ்7 கீபோர்டின் எஃப்எம் ஒலிமுறையை (ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையை மாற்றி ஒலி உண்டாக்குவது) பின்பற்றும் இலவச மென்பொருள் டெக்ஸ்ட் (Dexed). விலை கொடுத்து வாங்கப்போகும் சிந்தசைசர், உங்களுக்குத் தேவையான ஒரு வேலையிலாவது இவற்றைத் தெளிவாக மிஞ்ச வேண்டும்.

டெமோ பதிப்பைத் திறந்தவுடன் பிரீசெட்டுகளை (முன்பே அமைத்து வைத்த டோன்களை) ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வரட்டும், ஆனால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். கைதேர்ந்தவர்கள் ரிவெர்ப், டிலே, கோரஸ் என்னும் ஒலிப்பூச்சுகளை (எஃபெக்ட்டுகளை) எல்லாம் பூசி உருவாக்கியவை அவை. பந்தல் அலங்காரத்தைப் பார்த்து வீட்டுக்கு விலை பேசுவது போன்றது அது. எஃபெக்ட்டுகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, எதுவும் ஏற்றாத தொடக்க நிலையிலிருந்து ஒரு சா அலையையும் (ரம்பப் பல் வடிவ அலை) ஒரு ஃபில்ட்டரையும் (மேல் அதிர்வெண்களை வடிகட்டுவது) மட்டும் வைத்துக் கேளுங்கள். ஃபில்ட்டரை மெல்ல மூடித் திறக்கும்போது சத்தம் எப்படித் திரள்கிறது, ரெசொனன்ஸை (ஃபில்ட்டர் வெட்டும் இடத்தை அழுத்திக் காட்டும் அமைப்பை) கூட்டும்போது அடிநாதம் எவ்வளவு மெலிகிறது என்பதில்தான் சிந்தசைசரின் குணம் தெரியும்.

இதே நிலையில் இன்னொரு சோதனையும் உண்டு. ஃபில்ட்டரை முழுவதும் திறந்து வைத்து, மேல் ஸ்தாயியின் உச்சிக்குப் போய், ஒரு சுரத்தைப் பிட்ச் பெண்டால் (சுரத்தை வளைக்கும் சக்கரத்தால்) மெதுவாக மேலே தள்ளுங்கள். சுரம் ஏறும்போது வேறொரு மெல்லிய கீச்சொலி எதிர்த்திசையில் இறங்குவது கேட்டால், அது அலியாசிங் என்னும் குறை. நொடிக்கு 44,100 சாம்பிள்களில் (ஒலியின் மாதிரி அளவுகளில்) இயங்கும் கணினியால் 22,050 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்ட முடியும். அதற்கு மேற்பட்டவை மடங்கிக் கீழே வந்து விழும். ஒரு சுரத்துக்குள் அதன் மடங்குகளும் மேற்சுரங்களாக ஒலிக்கும்; 4,000 ஹெர்ட்ஸ் சுரத்தின் பத்தாம் மடங்கு 40,000 ஹெர்ட்ஸ். சரியாகத் தடுக்காத மென்பொருளில் அது 4,100 ஹெர்ட்ஸாகத் திரும்பி வந்து, மூலச் சுரத்தோடே உரசும். ஓசூர் நண்பர் இதற்காகவே ஒரு மாலை முழுவதும் வாதாடினார். பதிவுக்கூடத்துக்கு அது நியாயமான கவலை என்றாலும், ஆடித் திருவிழா மேடையில் அந்த உரசலைக் கேட்கக்கூடிய காது ஒன்றுகூட இருக்காது என்பது என் கருத்து.

இனி ஒப்பிடும் முறை. எந்தச் சோதனையும் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் சத்த அளவுதான். ஒன்று மற்றொன்றைவிட ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே, காது அதைச் சத்தம் என்று உணராமல் தரம் என்று எடுத்துக்கொள்ளும். எனவே உங்கள் குழு வழக்கமாக வாசிக்கும் பாட்டின் கீபோர்டு பகுதியை மிடியாக (ஒலியாக அல்லாமல், எந்தச் சுரம் எப்போது அழுத்தப்பட்டது என்ற குறிப்பாக) ஒருமுறை பதிவு செய்யுங்கள்; அதே பதிவைப் பழையதிலும் புதியதிலும் ஓடவிட்டு ஆடியோவாக மாற்றி, மீட்டரைப் பார்த்து இரண்டின் சராசரிச் சத்தமும் அரை டெசிபலுக்குள் வருமாறு சமன் செய்யுங்கள். பாட்டின் மற்ற பகுதிகளும் கூடவே ஒலிக்க வேண்டும். தனியாகக் கேட்டால் பிரமாதமாக இருக்கும் டோன், பேஸ் கிட்டாரும் டோலக்கும் சேர்ந்தவுடன் இடம் கிடைக்காமல் தவிப்பதுண்டு.

பிறகு ஒருவர் மட்டும் கணினி முன் உட்கார்ந்து, காசைச் சுண்டி, பூவா தலையா என்பதற்கேற்ப ஒன்றை ஒலிக்கவிட வேண்டும். மற்றவர்கள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒலித்தது புதியதா பழையதா என்றும் பிடித்ததா என்றும் தாளில் எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் 10 சுற்றுகளாவது நடக்கட்டும். பத்தில் ஆறு சரியாகச் சொன்னதற்காக யாரும் மார்தட்ட வேண்டியதில்லை. கேட்காமலே குறித்தாலும் ஆறு அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கு நூற்றுக்கு 38 வாய்ப்பு உண்டு. ஒன்பது அல்லது பத்து வந்தால்தான் உண்மையிலேயே வேறுபாடு கேட்கிறது என்று கொள்ளலாம். குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது. மூன்று வாரம் புதியதன் பக்கம் நின்று வாதாடிய நான், பேட் டோன்களில் (பின்னணியில் நீண்டு ஒலிப்பவை) பத்தில் ஐந்து சரியாகச் சொன்னேன். லீடு டோன்களில் பத்தும் சரி. அதாவது, நான் புகழ்ந்த கனம் பாதியளவு என் ஆசையில்தான் இருந்திருக்கிறது.

காதுக்கு அடுத்தபடி விரல். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துகளில் ஆர்மோனியம் வாசித்துப் பழகிய பெரியவர் ஒருவரை ஒத்திகைக்கு அழைத்து வாசிக்கச் சொன்னோம். திரையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. இரண்டு வரி வாசித்துவிட்டு, "கை போயிட்ட பின்னாடி சத்தம் வருதுங்க" என்றார். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 1,024 சாம்பிளில் இருந்தது. அது மட்டுமே 23 மில்லி விநாடித் தாமதம். ஸ்பீக்கர் பாக்ஸை 8 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வாசிப்பதற்கு ஒப்பானது அது. 128 சாம்பிளுக்குக் குறைத்தால் தாமதம் ஏறத்தாழ 3 மில்லி விநாடியாகச் சுருங்கும், ஆனால் கணினியின் பளு ஏறும். புதிய சிந்தசைசர் உங்கள் லேப்டாப்பில் 128 அல்லது 256 சாம்பிளில் கரகரப்பின்றி ஓடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய பஃபரில் மட்டுமே ஓடினால், மேடையைப் பொறுத்தவரை அதன் மற்றச் சிறப்புகளைப் பேசிப் பயனில்லை.

நம் இசைக்கென்று ஒரு தனிச் சோதனை தேவைப்படுகிறது. பிட்ச் பெண்டின் எல்லை பெரும்பாலும் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்றே அமைக்கப்பட்டிருக்கும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கி ஏறுவதற்கு ஏழு அரைச்சுரம் வேண்டும்; அந்த எல்லையை விருப்பம்போல் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மிடியில் பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் இருப்பதால் கமகம் வழவழப்பாகவே வரும். டோனை மாற்றும் மாடுலேஷன் சக்கரத்துக்கு வழக்கமாகக் கிடைப்பவையோ 128 படிகள்தாம். அந்தச் சக்கரத்தை ஃபில்ட்டரோடு இணைத்து மிக மெதுவாகத் திருப்பும்போது படிக்கட்டில் இறங்குவதுபோல் சத்தம் வெட்டிவெட்டி வந்தால், மென்பொருள் அதைச் சமன் செய்யவில்லை என்று பொருள். மோனோ நிலையில் (ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும்) லெகாட்டோவை (சுரங்களை இடைவெளியின்றி இணைப்பது) இயக்கி இரண்டு சுரங்களை இணைத்து வாசிக்கும்போது, இரண்டாவது சுரத்துக்கு மீண்டும் ஒரு தாக்கு விழாமல் ஒரே மூச்சில் போக வேண்டும். நாகசுரம், புல்லாங்குழல் சாயலில் டோன் அமைப்பவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது. இன்னொன்றும் உண்டு. பெண்டைத் திருப்பினால் அந்தச் சேனலில் (மிடித் தடத்தில்) ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். ஆகவே இடக்கையில் பிடித்திருக்கும் சுருதியும் கமகத்தோடு ஆடாமல் இருக்க வேண்டுமானால், சுருதியை வேறொரு டிராக்கில் வைக்க வேண்டும், அல்லது விரலுக்கு ஒரு சேனல் தரும் எம்பிஇ வசதி மென்பொருள், கீபோர்டு இரண்டிலும் இருக்க வேண்டும். கோயிலில் நாகசுரக்காரரோடு சேர்ந்து வாசிக்கும் குழுக்கள் நுண்சுருதித் திருத்தத்தையும் கவனிக்க வேண்டும். குழலுக்குள் காற்று சூடேறும்போது அவருடைய இரண்டு கட்டைச் சுருதி சற்றே மேலேறும், 440 ஹெர்ட்ஸில் கட்டிப்போட்ட கீபோர்டு அங்கேயே நிற்கும்.

மிக்சர்காரரின் ஐயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்களில் அவர்தான் சரியாகச் சொன்னவர். திருவிழா மைக் செட்டில் இடப்பக்கப் பாக்ஸுக்கும் வலப்பக்கப் பாக்ஸுக்கும் பெரும்பாலும் ஒரே சிக்னல்தான் போகும். ஹெட்போனில் அறையை நிறைக்கும் அகலமான பேட் டோன்களின் அகலமோ, இரண்டு பக்கங்களுக்கும் இடையிலுள்ள சிறு கால வேறுபாட்டாலும் அலைக் கட்டத்தின் (ஃபேஸ்) வேறுபாட்டாலும் உண்டாவது. இரண்டையும் மோனோவாக (ஒரே சிக்னலாக) சேர்க்கும்போது ஒரு பக்கத்து அலையின் மேடு மறுபக்கத்துப் பள்ளத்தில் விழுந்து, டோன் மெலிந்துவிடும். சில வேளை பாதி காணாமலே போகும். மாஸ்டர் டிராக்கில் மோனோ பொத்தானை அழுத்தி, நீங்கள் மேடைக்குத் தேர்ந்த ஒவ்வொரு டோனையும் கேளுங்கள். அகலம் அழிந்தாலும் உடம்பு நிற்கும் டோன்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தேர்ந்திருந்த பன்னிரண்டில் ஐந்து அன்றே கழிந்தன. யூனிசனை (ஒரே சுரத்தைப் பல குரல்களாக அடுக்குவது) மூன்று குரலாகக் குறைத்து, கோரஸை அணைத்த பிறகு, அவற்றுள் இரண்டு திரும்பி வந்தன.

யூனிசன் கணினிப் பளுவையும் சட்டென ஏற்றிவிடும். இரண்டு ஆசிலேட்டர்கள் (அலையை உண்டாக்கும் பகுதிகள்), ஒவ்வொன்றுக்கும் ஏழு குரல் என்றால் ஒரு சுரத்துக்கு 14 ஆசிலேட்டர்கள். ஆறு சுரங்களைப் பிடித்தால் 84. முந்தைய கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரங்களின்) வால் அடங்குவதற்குள் அடுத்ததைப் பிடித்தால் 168. இதை வீட்டுக் குளிர்ந்த அறையில் ஐந்து நிமிடம் சோதித்துவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். சித்திரை வெயிலில் மூடிய அறையில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறிய லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நடுவில் ஒருமுறை சார்ஜரையும் பிடுங்கிப் பாருங்கள். மின்சாரம் நின்று ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் லேப்டாப் பேட்டரி நிலைக்கு மாறி, வேகத்தைக் குறைத்து, பாட்டின் நடுவே கரகரக்கும். காவேரிப்பட்டணத்தில் ஒரு மாசித் திருவிழாவில் எனக்கு அது நேர்ந்தது. அதற்குப் பிறகு மின்திட்ட அமைப்பில் பேட்டரியிலும் முழு வேகம் என்று மாற்றாமல் நான் மேடையேறுவதில்லை.

உரிமத்தில் பார்க்க வேண்டியவை குறைவு: எத்தனை கணினிகளில் நிறுவலாம், இணையம் இல்லாமல் எத்தனை நாள் திறக்கும், கணினி பழுதானால் வேறொன்றுக்கு மாற்ற என்ன வழி. அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்களில் கச்சேரிக்குப் போகிறவர்கள், வைஃபையை அணைத்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்கித் திறந்து பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது.

எல்லாம் முடிந்து தாள்களை அடுக்கிப் பார்த்தபோது, பேட் டோன்களுக்கு இலவசமாகக் கிடைத்ததே போதும் என்றும், லீடு டோன்களில் மட்டும் புதியது மேல் என்றும் தெரிந்தது. தலைவர் கணக்கு நோட்டைப் புரட்டிவிட்டு, ஒரே ஒரு உரிமம் வாங்கச் சம்மதித்தார். ஆனால் சீசன் முடிந்த பிறகு. அதுவும் சரிதான், திருவிழாக்களின் நடுவில் கருவியை மாற்றக் கூடாது. வாங்கிய பிறகும், தேர்ந்த ஏழெட்டு லீடு டோன்களைச் சுரம் சுரமாக ஆடியோவாகப் பதிந்து பழைய கீபோர்டின் சாம்பிளரில் (பதிந்த ஒலியை வாசிக்கும் பகுதி) ஏற்றி வைத்திருக்கிறேன். லேப்டாப் நின்றுபோனாலும் அன்றைய பாட்டு நிற்காது.