1801-க்குப் பிறகு உங்கள் ஊர் யார் கைக்குப் போனது? கவுன்சில் ஆவணங்களில் தேடும் முறை

பாளையக்காரர் போர் ஓய்ந்த பிறகு திருநெல்வேலிச் சீமையில் எந்த ஊர் எந்தப் பாளையத்தில் சேர்ந்தது, எவ்வளவு பேஷ்குஷ் (கப்பம்) விழுந்தது என்று தேடுபவர்கள் வழக்கமாகக் கலெக்டர் லஷிங்டனின் கடிதங்களிலிருந்து தொடங்குவார்கள். அது பாதி வழிதான். கலெக்டர் சிபாரிசு செய்யலாம். முடிவெடுத்தது சென்னைக் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னரும் கவுன்சிலும். எல்லாரும் நியமனம் பெற்று வந்தவர்கள், இங்கே யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்போது கவர்னர் எட்வர்டு கிளைவ். ஆகவே நீங்கள் தேட வேண்டியது கடிதத்தை அல்ல, உத்தரவை.

காகிதம் நடந்த வழி தெரிந்தால் தேடல் சுலபம். கலெக்டர் ரெவின்யூ போர்டுக்கு எழுதுவார். போர்டு தன் குறிப்பைச் சேர்த்துக் கவுன்சிலுக்கு அனுப்பும். கவுன்சில் முடிவு அதே படிகளில் கீழே இறங்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு நகல் தங்கும். எனவே போர்டு தொகுதியில் பக்கம் பொடிந்திருந்தால் கவுன்சிலின் ரெவின்யூ துறைத் தொகுதியைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் திருநெல்வேலி மாவட்டப் பதிவேடுகள். மூன்றும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்தான். லண்டனுக்குப் போன நடவடிக்கை நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் கிடக்கின்றன. தண்டனை, தூக்கு, நாடுகடத்தல் பற்றியவற்றுக்கு ரெவின்யூ மட்டும் போதாது. பாளையக்காரர் போரை நடத்திய பானர்மேனும் அக்னியூவும் படை அதிகாரிகள். அவர்கள் எழுதியதற்கு ராணுவத் துறைத் தொகுதிகளையும் பாருங்கள்.

பலர் தடுமாறும் இடம் தேதி. கடிதம் எழுதிய நாள் வேறு, அது கவுன்சில் கூட்டத்தில் வைக்கப்பட்ட நாள் வேறு. தொகுதி கட்டியிருப்பது கூட்ட நாள் வரிசையில். கடிதத் தேதியை வைத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் தவறான தொகுதி வரும். எழுதிய நாளிலிருந்து அடுத்த இரண்டு மாதங்களையாவது புரட்டுங்கள்.

ஊர்க் கணக்குகளில் சிக்கல் இன்னும் கூடுதல். தமிழ் வருடம் சித்திரையில் மாறும், வரிக்கணக்கு ஆண்டான பசலி அப்போதெல்லாம் ஆடியில், கொல்லம் ஆண்டு நம் பக்கம் ஆவணியில். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியது 1801 பிப்ரவரி 2: ரௌத்திரி தை, கொல்லம் 976, பசலி 1210. பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது மே 24: துன்மதி வைகாசி. கொல்லமும் பசலியும் மாறவில்லை, வருடப் பெயர் மட்டும் மாறிவிட்டது. கொல்லத்தோடு ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள். பசலிக்கு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும்.

பணத் தொகைகள் மூன்று பத்தியாக இருக்கும்: வராகன், பணம், காசு. கம்பெனிக் கணக்கில் 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம். 120–21–40 என்றிருந்தால் நூற்று இருபதரை வராகன், அதற்கு மேல் அரைப் பணம். புள்ளி வைத்த எண்ணாக வாசித்துவிடாதீர்கள். பின்னாளில் ரூபாய்க்கு மாற்றியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய். சில ஊர்க் கணக்கு சக்கரம் என்ற வேறு நாணயத்தில் இருக்கும். அதை வராகன் என்று எண்ணிக் கூட்டினால் மொத்தமும் கெடும்.

முதலில் உங்கள் ஊர் பாளையத்தைச் சேர்ந்ததா, அயனா (பாளையக்காரர் இல்லாமல் சர்க்காரே நேரடியாக வரி வாங்கிய ஊரா) என்று பாருங்கள். 1792 உடன்படிக்கைப்படி பாளையக்காரர் பேஷ்குஷைத்தான் கம்பெனி வசூலித்தது. அயன் ஊர்கள் நவாபின் ஆட்களிடம் இருந்தன. 1801 ஜூலை 31 கர்நாடக உடன்படிக்கைக்குப் பிறகே இரண்டும் ஒரே கலெக்டரிடம் வந்தன. அயன் ஊரை 1799-இன் பாளையக் கணக்கில் தேடுவது வீண்வேலை.

பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு பாளையங்களும் 1799-இலேயே பறிமுதலானவை. கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தை போன்றவற்றுக்கு அவற்றின் ஊர்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 1802-ஆம் வருட 25-ஆம் ரெகுலேஷன்படி பேஷ்குஷை நிலையாக நிர்ணயித்த நிரந்தர ஜமாபந்தி சன்னது (உரிமைப் பத்திரம்) கொடுக்கப்பட்டபோது இந்தப் பங்கீடு உறுதியானது. சன்னதோடு இணைத்த ஊர்ப் பட்டியல்தான் உங்களுக்குத் தேவை. சன்னதை மட்டும் நகல் எடுத்துவிட்டுப் பட்டியலை விட்டு வருபவர்களே அதிகம்.

பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எட்டயபுரம் எட்டியாபூர் ஆகும், ஏழாயிரம்பண்ணை அடையாளமே தெரியாது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பாதி பிடிபடும். பாஞ்சாலங்குறிச்சி கிடைக்காவிட்டால் ஆச்சரியமில்லை. கோட்டையை இடித்து, ஊர்ப்பெயரையும் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். ஒட்டப்பிடாரம் பெயரில் பாருங்கள்.

அனுமதிக்கு அடையாள அட்டையும், மாணவரானால் துறைக் கடிதமும் கொண்டுபோங்கள். வாசிக்கும் அறைக்குப் பென்சில் போதும்.

ஊர் திரும்பியதும் தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேடு என்ற நிலப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஆனால் பரப்பளவை ஒப்பிடாதீர்கள். 1948-ஆம் வருட 26-ஆம் சட்டத்தில் ஜமீன் ஒழிந்த பின் புதிதாக அளந்து செட்டில்மென்ட் செய்தார்கள். பழைய ஏக்கரும் புதிய ஏக்கரும் பொருந்தாது. குளம், ஓடை, எல்லைக்கல், பக்கத்து ஊர்ப்பெயர்களை ஒப்பிடுங்கள். 1910-இல் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போய், பிறகு அதிலிருந்து பிரிந்த விருதுநகர் மாவட்டத்தில் சேர்ந்ததால், ஏழாயிரம்பண்ணைக்காரர்கள் இப்போது விருதுநகர் மாவட்ட அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.