தூசிக்குப் பின்னால் குளிர்கோள்: அகச்சிவப்பு நுண்வில்லைத் தரவில் முனைவர் ஆய்வு செய்யும் முறை

ஈர்ப்பு நுண்வில்லை ஆய்வில் ஒளிவளைவில் (விண்மீனின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்) ஒரு மேட்டைக் கண்டுபிடிப்பது சிறு பகுதிதான். அந்த மேடு கோளால் வந்தது, வேறு எதனாலும் வரவில்லை என்று காட்டுவதில்தான் ஆண்டுகள் கரையும். வேலையை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பால்வழியின் மையத் திரட்சியில் உள்ள ஒரு மூல விண்மீனுக்கு முன்னால் இன்னொரு விண்மீன் கடந்தால் மூலத்தின் ஒளி பெருகித் தணியும். கடக்கும் விண்மீனுக்கு, அதாவது லென்ஸுக்கு, கோள் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தில் சிறு விலகல் தோன்றும். வழக்கமான லென்ஸ்களின் ஐன்ஸ்டீன் ஆரம், அதாவது ஒளியை வலுவாக வளைக்கும் பகுதியின் ஆரம், 2 முதல் 3 வானியல் அலகு. இது பனிக்கோட்டை (விண்மீனிலிருந்து நீர் உறையத் தொடங்கும் தொலைவை) ஒட்டியோ அதற்கு வெளியிலோ விழுவதால், கோள் தன் விண்மீனை மறைப்பதைப் பார்க்கும் கடப்பு முறைக்கு எளிதில் சிக்காத குளிர்கோள்கள் இங்கே அகப்படுகின்றன.

அகச்சிவப்பின் தேவை தூசியால் வருகிறது. பால்வழி மையத்தை நோக்கிக் கட்புல வி பட்டையில் ஒளிமறைப்பு சுமார் 30 மேக்னிட்யூட் (பிரகாச அலகு). அகச்சிவப்புக் கே பட்டையில் 3-க்கும் குறைவு. விண்மீன்கள் மிக நெருக்கமாக உள்ள பகுதியும் அதுவே. ஹவாயில் உள்ள யூகேர்ட் அகச்சிவப்புத் தொலைநோக்கி 2017-ல் பிடித்த நிகழ்வு ஒன்று மையத்திலிருந்து 0.35 பாகை தள்ளித்தான் இருந்தது. அதில் ஒரு பெருங்கோள் தெரிந்தது.

தரவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் படம் எடுத்த இடைவெளியைப் பாருங்கள். வியாழன் நிறையுள்ள கோளின் விலகல் ஏறத்தாழ ஒரு நாள், புவி நிறையுள்ளதன் விலகல் சில மணி நேரம் நீடிக்கும். இரவுக்கு ஓரிரு படம் மட்டுமே உள்ள தரவில் புவி நிறைக் கோளைத் தேடுவது வீண். நாசாவின் ரோமன் விண்தொலைநோக்கி சுமார் கால் மணி நேரத்துக்கு ஒரு படம் எனத் திட்டமிட்டிருப்பது இதனால்தான்.

படச் செயலாக்கம்

அகச்சிவப்பு உணரிகள் தரும் தொல்லைகள் கட்புல ஒளிக்கான சிசிடி உணரி பழகியவர்களுக்குப் புதிது. அகச்சிவப்பு எச் பட்டையில் வளிமண்டல ஹைட்ராக்சில் ஒளிர்வு சில நிமிடங்களிலேயே மாறும். அதனால் குறுகிய வெளிப்பாடுகளாக, ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியைச் சற்று நகர்த்தி எடுக்க வேண்டும். வழக்கமாக அந்தப் படங்களின் இடைநிலை மதிப்பே வான்பின்னணியாகும். மையத் திரட்சியில் வெற்று வானமே கிடையாது. இடைநிலைப் படத்தில் விண்மீன்களின் எச்சம் தங்கிவிடும். நெரிசல் குறைந்த தனிப் புலம் ஒன்றைப் பின்னணிக்கென எடுப்பது பாதுகாப்பானது.

செறிவடைந்த விண்மீன் அடுத்த படத்திலும் அதே பிக்சலில் பேய்ப்பிம்பமாக நிற்கும். தொலைநோக்கியை நகர்த்திய அளவுக்கு அதே திசையில் அது வானத்தில் இடம் மாறினால் பேய்தான். அந்தப் பிக்சல்களை மறைத்துவிடுங்கள். இதைவிட ஆபத்தானது நேரிலாத் துலங்கல், அதாவது விழும் ஒளிக்கு நேர்விகிதத்தில் உணரி பதிலளிக்காதது. திருத்தம் பிழையாக இருந்தால் பிரகாசமான உச்சம் மட்டும் தட்டையாகும். அது மூலத்தின் பரப்பளவு விளைவைப் போலவே தெரிவதால், பிழை நேராகக் கோள் மாதிரிக்குள் போய்விடும். அதே பிரகாசமுள்ள, மாறாத அண்டை விண்மீன்களை வைத்துச் சரிபார்க்காமல் உச்சப் புள்ளிகளை நம்பாதீர்கள்.

ஒளியளவீட்டுக்கு, ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு மேற்கோள் படத்தைக் கழித்து மாறியதை மட்டும் அளக்கும் வேறுபாட்டுப் படமுறையே பொருந்தும். கூர்மையான 10 முதல் 20 படங்களைச் சேர்த்து அந்த மேற்கோள் படத்தை உருவாக்குங்கள். விண்மீன் பிம்பத்தின் அகலம் 2 பிக்சலுக்குக் கீழே இறங்கினால் இரு படங்களின் கூர்மையை ஒத்தாக்கும் உருமாற்றக் கெர்னல் திணறி, ஒவ்வொரு விண்மீனிலும் கருப்பு-வெள்ளை இரட்டைப் புள்ளி மிஞ்சும். மூலத்தின் இடத்தைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். பட்டியலில் இருப்பது பெரும்பாலும் பல விண்மீன்களின் கலவை. உச்ச நேர வேறுபாட்டுப் படத்திலிருந்தே அளக்க வேண்டும்.

மாதிரி பொருத்துதல்

விலகல் உள்ள பகுதியை மறைத்துவிட்டு முதலில் தனி லென்ஸைப் பொருத்துங்கள். அங்கிருந்து தாளிலேயே கணக்கிடலாம். ஐன்ஸ்டீன் கடப்பு நேரம் (ஒரு ஐன்ஸ்டீன் ஆரத்தைக் கடக்க ஆகும் நேரம்) 25 நாள், மூலத்துக்கும் லென்ஸுக்கும் மிகக் குறைந்த விலக்கம் 0.2 ஐன்ஸ்டீன் ஆரம், உச்சத்துக்கு 15 நாள் கழித்து மேடு என்று வைத்துக்கொள்வோம். 15 ÷ 25 = 0.6. அப்போதைய விலக்கம் 0.36 + 0.04-இன் வர்க்கமூலம், அதாவது 0.632. லென்ஸிலிருந்து கோளின் இடைவெளி, (0.632 + √(0.4 + 4)) ÷ 2 = 1.365 ஐன்ஸ்டீன் ஆரம். மேட்டின் அரை அகலம் 0.4 நாள் எனில், (0.4 ÷ 25)-இன் வர்க்கமான 0.00026, கோளுக்கும் லென்ஸுக்கும் உள்ள நிறை விகிதத்தின் தோராயம். சனிக்கும் சூரியனுக்கும் உள்ள விகிதத்துக்கு அருகில். இந்தக் கணக்கோடு கணினி முடிவு பெரிதும் முரண்பட்டால் நிரலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு முலென்ஸ்மாடல், பைலீமா போன்ற நிரல்களில் இடைவெளி, நிறை விகிதம், பாதைக்கோணம் (லென்ஸ்-கோள் அச்சுக்கு மூலத்தின் பாதை சாயும் கோணம்) ஆகிய மூன்றிலும் கட்டத் தேடல். பாதைக்கோணத்துக்கு முழு வட்டத்தையும் 16 தொடக்கப் புள்ளிகளாகப் பிரியுங்கள். ஒரே தொடக்கத்திலிருந்து சென்றால் தவறான பள்ளத்தில் சிக்குவீர்கள். கிடைத்த ஒவ்வொரு தீர்வையும் மார்கோவ் சங்கிலியில் (மதிப்புகளைத் தற்செயலாகச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கும் முறையில்) செம்மைப்படுத்துங்கள். பிழைப்பட்டைகள் பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடப்பட்டிருக்கும். அவற்றை மறுஅளவிடாமல் கை-வர்க்கத்தை (தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள பொருந்தாமையின் அளவை) ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒளிவளைவில் அடுத்தடுத்த புள்ளிகளின் பிழைகள் தொடர்புடையவை என்பதால், கோள் உண்டு என்று சொல்ல 100 முதல் 160 வரை கை-வர்க்க முன்னேற்றம் கேட்பது வழக்கம்.

உச்சத்தின் அருகே விலகல் வந்தால் இடைவெளியும் அதன் தலைகீழும் ஏறத்தாழ ஒரே வளைவைத் தரும். இரண்டையும் அறிக்கையிடுங்கள். இதைவிடக் கசப்பானது, கோளே இல்லாமல் மூலம் இரட்டை விண்மீனாக இருந்தாலும் இப்படியொரு மேடு வரும் என்பது. நுண்வில்லை நிறத்தை மாற்றாது. ஆனால் நிறம் வேறான இரண்டு மூலங்கள் தனித்தனியே பெருகினால் மொத்த நிறம் மாறும். ஒரே பட்டைத் தரவில் இது தெரியாது. விலகல் நடக்கும்போது இன்னொரு அகச்சிவப்புப் பட்டையான ஜே பட்டையில் சில மணிக்கொரு படம் எடுக்க நேரம் ஒதுக்குங்கள்.

நிறையை அறிய மூலத்தின் கோண ஆரம் தேவை. அதற்கு வேண்டிய நிறத்தைத் திருத்தும்போது பொதுவான ஒளிமறைப்பு விதியைப் போடாதீர்கள். மையத் திரட்சியில் அது திசைக்குத் திசை மாறும். சில ஆர்க்நிமிடத்துக்குள் உள்ள சிவப்புத் திரள் விண்மீன்களை (இயல்பான நிறமும் பிரகாசமும் ஏறத்தாழ ஒன்றாக உள்ள பெருவிண்மீன்களை) ஒப்பிடுங்கள். மூலத்தின் கோண ஆரத்தை மாதிரி தரும் மூல அளவு விகிதத்தால் வகுத்தால் கோண ஐன்ஸ்டீன் ஆரம் வரும். மில்லி ஆர்க்செகண்டில் உள்ள அந்த மதிப்பை, 8.14 × நுண்வில்லை இடமாறு (பார்க்கும் இடம் மாறுவதால் ஒளிவளைவில் வரும் மாற்றத்தின் அளவு) என்பதால் வகுத்தால் சூரிய நிறை அலகில் லென்ஸின் நிறை. இடமாறு கிடைக்காவிட்டால், ஆண்டுக்கு 6 மில்லி ஆர்க்செகண்ட் விலகும் மூல-லென்ஸ் இணை 8 ஆண்டில் 48 மில்லி ஆர்க்செகண்ட் வரை பிரியும். பெரிய தொலைநோக்கியின் தகவமை ஒளியியல் (வளிமண்டலக் கலக்கத்தை உடனுக்குடன் திருத்தும் நுட்பம்) படத்தில் லென்ஸையே நேரில் தேடலாம்.

ஒரு கோள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் செயற்கையாக உருவாக்கிய கோள் விலகல்களை உண்மையான ஒளிவளைவுகளில் புகுத்தி, எத்தனை மீட்கப்பட்டன என்று கணக்கிட்டு வையுங்கள். அந்தச் செயற்கை விலகல்களும் உண்மைத் தரவு கடந்த அதே வடிகட்டிகளையும் வரம்புகளையும் கடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் கோள்களின் எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் எழுத முடியாது.