தீவகத்துக் கிணறு சவராகாமல் இருக்க

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு எதிலும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால் கீழே 40 அடி வரை அதுவே இருக்க வேண்டும் என்பது கணக்கு. இடையில் நல்ல தண்ணீரும் கடல்நீரும் கலந்த படை ஒன்று உண்டு என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும்.

அதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். இறைத்து இறைத்து மட்டத்தை அரை அடி இறக்கினால், அடியிலிருக்கும் உப்பு 20 அடி ஏறப் பார்க்கும். ஆகவே கோடையில் தண்ணீர் குறைந்தால் கிணற்றை ஆழமாக்காதீர்கள். தீவில் நல்ல கிணறுகள் கெடுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழியில்லை. புதிதாக வெட்டுவதானால் அகலமாக, ஆழமில்லாமல், கடற்கரையை விட்டுத் தள்ளி வெட்டுங்கள். குழாய்க்கிணறு வேண்டவே வேண்டாம்.

துலாவால் இறைத்த காலத்தில் மனிதக் கையின் களைப்பே கிணற்றுக்குக் காவல். மோட்டருக்குக் களைப்பில்லை. அதனால் சிறிய மோட்டராகப் பூட்டி, காலை அரை மணி, மாலை அரை மணி என்று பிரித்து இறையுங்கள். உறிஞ்சு குழாயின் வாயை அடிவரை இறக்காமல், கோடை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே நிறுத்துங்கள். மோட்டர் வெறுமனே ஓடி எரியாதிருக்க மிதவைச் சுவிட்ச் ஒன்று போடுவது நல்லது.

கடல்நீர் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே நாக்கு சொல்லிவிடும். ஆனால் நாக்கு மெல்லப் பழகிவிடும், நம்ப முடியாது. உப்புக் கூடக் கூட எண் கூடிக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டரால் இறைக்குமுன் ஒருமுறை, இறைத்து முடித்ததும் ஒருமுறை அளந்து, கிணற்றுக்கட்டில் எழுதி வையுங்கள். இரண்டாவது எண் தெளிவாகக் கூடியிருந்தால் அளவுக்கு மீறி இறைக்கிறீர்கள்.

மலகூடக் குழி கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சுண்ணக்கல் வெடிப்புகளில் அழுக்கு வடிகட்டப்படாமலே ஓடிவரும் என்பதால், அந்தத் தூரத்துக்கு அப்பாலும் குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் மழைநீர் போதும். 50 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழைக்குச் சேதாரம் போக 40 லீற்றர் சேரும். 200 மில்லிமீட்டருக்கு 8000 லீற்றர். ஐந்து பேருக்கு நாளுக்கு 25 லீற்றர் என்றால் தை முதல் புரட்டாதி வரை சமாளிக்கலாம். கூரைத் தூசு தொட்டிக்குள் போகாதபடி முதல் மழையின் தண்ணீரைப் பீலியிலேயே திருப்பிவிடுங்கள். தொட்டி வாயில் நுளம்பு புகாத வலை கட்டாயம்.

புயலில் கடல் ஏறிக் கிணற்றுக்குள் புகுந்தால், அவசரப்பட்டு அடிவரை இறைத்துக் கொட்டாதீர்கள். 2004 சுனாமிக்குப் பின் இப்படி இறைத்த கிணறுகளில் அடியுப்பும் மேலேறியது. சேறு குப்பையை மட்டும் அள்ளி, அடுத்த மாரி கழுவிவிடும் வரை விட்டு வையுங்கள்.