மணற்கரையிலிருந்து கடல் தூண்டில்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதன்முதலாகத் தூண்டிலோடு கடற்கரைக்கு வருபவர் உடம்பிலுள்ள பலத்தையெல்லாம் திரட்டித் தூரமாக வீசப் பார்ப்பார். சென்னையிலிருந்து புதுச்சேரி வரையுள்ள மணற்கரையில் பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. கிழங்கான், கத்தாழை, காலா, சின்னப் பாரை எல்லாம் அலை உடையும் திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான் இரை தேடுகின்றன. பல இடங்களில் அந்தப் பள்ளம் 20 முதல் 40 மீட்டருக்குள்ளேயே கிடக்கும். 80 மீட்டர் வீசினால் முள்ளில் கோத்த இரை, மீன் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய் விழும். அதனால் வீசப் பழகுவதற்கு முன் தண்ணீரைப் பார்க்கப் பழகுங்கள்.

பள்ளத்தைக் கண்டுபிடிப்பது

கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் தூண்டில் இல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். அலை வெள்ளையாக நுரைத்து உடையும் இடம் ஆழம் குறைந்த மணல் திட்டு. அதற்கு இந்தப் பக்கம் நுரை அடங்கி, தண்ணீர் சற்றுக் கருத்துத் தெரிந்தால் அது பள்ளம். கரையில் ஒரு செருப்பையோ குச்சியையோ அடையாளம் வைத்தால் போதாது, அலை கொண்டுபோய்விடும். பின்னாலிருக்கும் சவுக்குத் தோப்பு, மின்கம்பம், கோபுரம் எதையாவது குறித்துக்கொள்ளுங்கள். பெரிய அலைகள் வந்துபோன பின் திட்டுகள் இடம் மாறும். போன மாதத்துப் பள்ளம் இந்த மாதம் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இரண்டு திட்டுகளுக்கு இடையில் அலை உடையாமல், கலங்கிய தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுவது தெரிந்தால் அது இழுப்பு. அதன் ஓரங்களில் மீன் நிற்கும். ஆனால் மெரினாவிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலும் குளிக்கப் போனவர்களைக் கொண்டுபோவதும் இதே இழுப்புதான். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கி வீசாதீர்கள்.

கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்புகளும் நல்ல இடம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதனால் தடுப்பின் தென்பக்கம் மணல் மேவும், வடபக்கம் அரித்து ஆழமாகும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் இதனால்தான். தூண்டில்காரருக்கு வடபக்கம் கரையோரமே ஆழம் கிடைக்கும். கூடவே, எடைக்குக் கட்டும் ஈயத்தை விழுங்கும் கற்களும் கிடைக்கும். பாசி படிந்த கல்லில் செருப்போடு ஏற வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ வேண்டும். துறைமுகச் சுவர்களும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய பகுதியும் அனுமதியில்லாத இடங்கள்.

முட்டுக்காடு, பழவேற்காடு, பாலாறு போன்ற முகத்துவாரங்களில் கொடுவாவும் செப்பிலியும் கிடைக்கும். ஆனால் அங்கே ஓட்டம் கடுமையாக இருக்கும், மணல்மேடு காலடியில் சரியும். ஒரு பருவம் மணற்கரையில் பழகிவிட்டு அங்கே போவது நல்லது.

நேரம்

இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏற்றத்தின் கடைசி 2 மணி நேரமும், வற்றத் தொடங்கிய முதல் 1 மணி நேரமும்தான் கரையோரம் மீன் வரும் நேரம். அது விடியற்காலையோடோ பொழுது சாய்வதோடோ சேர்ந்து வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம், தண்ணீர் ஓட்டமும் அதிகம்.

கோடையில் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். கடல் அடங்கியிருக்கும், வீசுவதும் சுலபம். நண்பகலுக்குள் கடற்காற்று திரும்பி முகத்தில் அடிக்கத் தொடங்கும். அதற்கப்புறம் தூண்டில் நரம்பு வில்லாக வளைந்து, மீன் கடிப்பதே தெரியாமல் போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓட்டம் தெற்கே திரும்பிவிடும். கடலைப் பார்த்து நின்றால், கோடையில் ஈயம் இடக்கைப் பக்கம் நகரும், மழைக்காலத்தில் வலக்கைப் பக்கம். பக்கத்தில் இன்னொருவர் வீசியிருந்தால் இதைப் பார்த்துத் தள்ளி நில்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நரம்பும் ஒரே சிக்கல்.

என்ன வாங்குவது

கைநரம்பே போதும் என்று நினைப்பவர்களை மறுக்க மாட்டோம். கல் தடுப்பில் ஆழம் காலடியிலேயே இருப்பதால், பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய 50 மீட்டர் தங்கூசி (நைலான் நரம்பு) நன்றாகவே வேலை செய்யும். மணற்கரைக்கு 10 முதல் 12 அடி ராடும், 5000 அளவு ஸ்பின்னிங் ரீலும் சரி. எத்தனை கிராம் வரை வீசலாம் என்று ராடிலேயே எழுதியிருக்கும். 60 முதல் 120 கிராம் தாங்குவதாகப் பாருங்கள். குளத்துக்கு வாங்கிய 7 அடி ராடில் 100 கிராம் ஈயத்தைக் கட்டி வீசினால் முனை ஒடியும்.

நரம்பு விஷயத்தில் கடைக்காரர் பின்னல் நரம்பைத்தான் எடுத்து நீட்டுவார். மெல்லியது, தூரம் போகும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் தளர்ந்து சுற்றினால் அடுத்த வீச்சில் கொத்தாகக் கிளம்பி வளையத்தில் சிக்கும், விரலையும் அறுக்கும். பழகும் வரை 0.35 மி.மீ. சாதா தங்கூசி போதும். ரீலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை சுற்றுங்கள். குறைவாக இருந்தால் தூரம் போகாது, விளிம்பு வரை நிரப்பினால் சுருள் சுருளாகக் கொட்டும்.

முக்கியமான ஒன்று: இந்தத் தங்கூசியின் முனையில் 0.60 மி.மீ. தடித்த நரம்பை 7 முதல் 8 மீட்டர் இணைக்க வேண்டும். இதை ஷாக் லீடர் என்பார்கள். வீசும்போது வரும் உதறலைத் தாங்குவது இதுதான். வீசத் தயாராக நிற்கும்போதும் ரீலில் நான்கைந்து சுற்று லீடர் இருக்க வேண்டும். இதைக் கட்டாமல் 100 கிராம் ஈயத்தை ஓங்கி வீசினால் நரம்பு அறுந்து ஈயம் மட்டும் பறக்கும். கூட்டமுள்ள கரையில் அது ஒருவர் மண்டையை உடைக்கும்.

முள்ளின் எண்ணில் பலரும் குழம்புவார்கள். 8 என்பது சின்னது, 6 அதைவிடப் பெரியது, 1 இன்னும் பெரியது. அதற்குப் பின் 1/0, 2/0, 3/0 என்று வளரும். கிழங்கானுக்கு வாய் சின்னது. 8 அல்லது 6, தண்டு நீளமான முள். பாரை, காலாவுக்கு 1/0 முதல் 2/0. மணலில் உருண்டை ஈயம் ஓட்டத்தோடு உருண்டுகொண்டே போகும், பிரமிடு வடிவ ஈயம் மணலில் புதைந்து நிற்கும்.

இரட்டை முள் கட்டுவது

0.60 மி.மீ. நரம்பில் 1 மீட்டர் வெட்டுங்கள். மேல் முனையில் ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் சின்ன இணைப்பு), கீழ் முனையில் ஈயம் மாட்டும் கிளிப். கீழிருந்து 25 செ.மீ. உயரத்தில் ஒரு சிறு கண்ணி, அதற்கு மேல் 45 செ.மீ. தள்ளி இன்னொன்று. ஒவ்வொரு கண்ணியிலும் 0.35 மி.மீ. நரம்பில் 20 செ.மீ. நீளத்துக்கு முள்ளைக் கட்டுங்கள். இதைவிட நீளமாக விட்டால் இரண்டு முள்ளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

முள் கட்ட: நரம்பை முள்ளின் துளையில் நுழைத்து, நுனியை நரம்பின் மேலேயே 6 சுற்றுச் சுற்றி, துளையருகே உண்டான சின்னக் கண்ணியில் நுழைத்து, அப்படி நுழைத்ததில் உண்டான வெளிக் கண்ணியிலும் திரும்ப நுழைத்து, எச்சில் தடவி மெதுவாக இறுக்குங்கள். ஈரமில்லாமல் இழுத்தால் உராய்ந்த சூட்டில் நரம்பு பலம் இழக்கும். மீன் அறுத்துக்கொண்டு போன நரம்பின் முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு அவிழ்ந்தது என்று அர்த்தம். கத்தரியால் வெட்டியதுபோல இருந்தால் கூர்பல்லுள்ள பேத்தை மீனின் வேலை.

கல்லிருக்கும் இடத்தில் ஈயத்தை நேராகக் கிளிப்பில் மாட்டாமல், 0.30 மி.மீ. நரம்பில் 15 செ.மீ. விட்டுத் தொங்கவிடுங்கள். அங்கே ஓங்கி வீச வேண்டாம், கைவீச்சில் மெல்லப் போட்டால் போதும். சிக்கினால் ஈயம் மட்டும் போகும், முள்ளும் மீனும் திரும்ப வரும்.

இரை

மீன் சந்தையில் அன்று வந்த இறால் வாங்குங்கள். தலை கருத்ததும், குளிரூட்டியில் பல நாள் கிடந்ததும் தண்ணீரில் பட்டதும் பிய்ந்துவிடும். தலையையும் ஓட்டையும் எடுத்துவிட்டு, கிழங்கானுக்கு விரல்நகம் அளவுத் துண்டு போதும். முள்ளை வால்பக்கம் நுழைத்து, சதையின் நடுவாகவே நகர்த்தி, நுனி மட்டும் வெளியே வரும்படி விடுங்கள். முள்நுனி சதைக்குள் புதைந்திருந்தால் மீன் கடித்தும் மாட்டாது. கணவாய்த் துண்டு சீக்கிரம் பிய்யாது, 1 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளத்துக்கு நாடாவாக வெட்டுங்கள். அலை திரும்பும்போது மணலுக்குள் சட்டென்று புதையும் முட்டை வடிவச் சின்ன நண்டு இலவசமாகக் கிடைக்கும் இரை.

15 நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இரையைக் கொத்தித் தின்னும் கீச்சான் மீன் கூட்டம் இருந்தால் 3 நிமிடத்தில் முள் வெறுமையாகிவிடும். அப்போது கணவாய்க்கு மாறுங்கள் அல்லது 50 அடி தள்ளிப் போங்கள்.

வீசுவது

பின்னால் யாரும் இல்லையா என்று ஒவ்வொரு முறையும் திரும்பிப் பாருங்கள். ராடு முனையிலிருந்து ஈயம் 1 மீட்டர் தொங்கட்டும். டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை) இறுக்கி, நரம்பை ஆள்காட்டி விரலில் மாட்டி, ரீலில் நரம்பைப் பிடித்திருக்கும் வளையக் கம்பியைத் திறங்கள். இடக்கால் முன்னே. ராடைப் பின்னால் சாய்த்து, ஈயம் ஆடாமல் நின்றதும், வலக்கையால் மேலே தள்ளிக்கொண்டே இடக்கையை நெஞ்சுக்கு இழுங்கள். ராடு எதிரே 45 பாகை வரும்போது விரலை விடுங்கள். ஈயம் வானத்துக்குப் போனால் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள், கண்ணெதிரே தண்ணீரில் அறைந்தால் தாமதம். விழுந்ததும் கம்பியைக் கையால் மூடி, தொய்வைச் சுற்றி எடுத்து, டிராக்கைத் தளர்த்துங்கள். மீன் இழுத்தால் நரம்பு கொடுக்கும் அளவுக்குத் தளர்வு வேண்டும்.

கிழங்கான் கடித்தால் முனை டக்டக்கென்று துடிக்கும். முதல் தட்டுக்கே இழுத்தால் இரை மட்டும் வரும். இரண்டாவது தட்டுக்கு நிதானமாகத் தூக்குங்கள். பலர் கவனிக்காதது இன்னொரு கடி: வளைந்திருந்த முனை நிமிர்ந்து, நரம்பு திடீரென்று தொய்யும். மீன் ஈயத்தைப் பெயர்த்துக் கரையை நோக்கி வருகிறது. வேகமாகச் சுற்றி, கனம் தெரிந்ததும் தூக்குங்கள்.

கரையேற்றும்போது அலை வரும் திசையில் மீனை விடுங்கள். அலை தள்ளும்போது பின்னோக்கி நடங்கள், அலை திரும்பும்போது இழுக்காமல் நில்லுங்கள். பெரும்பாலான மீன்கள் அறுத்துக்கொண்டு போவது இந்தக் கடைசி 5 மீட்டரில்தான்.

தொடக்கூடாதவை

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு என்று விஷமுட்கள். ஓரா மீனுக்கும் திருக்கைக்கும் உண்டு. மூக்குநீளக் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் நரம்பை வெட்டித் தண்ணீரில் விடுங்கள். கெளுத்தியை மணலில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள், அந்த மணலில் மீனவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் தண்ணீரில் (ஏறக்குறைய 45 டிகிரி) அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காயத்தை வையுங்கள், வலி தணியும். பிறகு மருத்துவமனை, குறிப்பாகத் திருக்கை குத்தினால். பேத்தையை எப்படிச் சமைத்தாலும் விஷம் போகாது.

இடி கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்புங்கள், கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். இரவில் விளக்கடித்துத் திரிய வேண்டாம். கரைவலை இழுப்பவர்கள் இருந்தால், "அண்ணே, இங்க போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களே நல்ல பள்ளத்தையும் காட்டிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும்

ரீலின் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீச்சினால் உப்பு உள்ளே போகும். துடைத்து, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். ராடின் வளையங்களில் பஞ்சை விட்டுப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் அந்த வளையம் கீறியிருக்கிறது, அதுதான் நரம்பை அறுக்கிறது. அலையில் இழுபட்ட முதல் 3 மீட்டரை வெட்டி எறிந்துவிட்டு லீடரைப் புதிதாகக் கட்டுங்கள். நனைந்த முட்களைப் பெட்டிக்குள் போடாமல் கழுவிக் காயவையுங்கள், ஒன்று துருப்பிடித்தால் பெட்டி முழுக்கத் துருவேறிவிடும்.