கலை, பண்பாட்டுத் தொழில்களின் வட்டாரப் பங்கைக் கணக்கிடுவது எப்படி

எவையெல்லாம் படைப்புத் தொழில் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1998இல் பிரிட்டன் அரசு வகுத்த பட்டியலில் 13 துறைகள். விளம்பரம், கட்டடக்கலை, மென்பொருள்கூட அதில் உண்டு. யுனெஸ்கோவின் 2009 சட்டகம் மரபுச் சின்னங்களையும் கொண்டாட்டங்களையும் உள்ளே கொண்டுவருகிறது. எதை எடுத்தாலும் சரி, மென்பொருளைத் தனி வரியில் வையுங்கள். பெரிய கணினி நிறுவனம் ஒன்று இருந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் அந்த வரி விழுங்கிவிடும். நாடகக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டிருக்கும்போதே ‘படைப்புத் துறை வளர்கிறது’ என்று அட்டவணை சொல்லும்.

அடுத்து ஆட்களை எண்ணுவது. தொழில் வகைப்பாட்டை மட்டும் நம்பக் கூடாது. நிறுவனம் என்ன தொழில் செய்கிறது என்று பிரிக்கும் ஐ.நா. வகைப்பாடு ஐ.எஸ்.ஐ.சி. அதன் நான்காம் திருத்தத்தின் 58, 59, 60, 90, 91 பிரிவுகள் பதிப்பு, திரைப்படம், ஒலிபரப்பு, கலை, நூலகம், அருங்காட்சியகம் ஆகியவற்றைப் பிடிக்கும். வாகன ஆலையில் வேலை பார்க்கும் வடிவமைப்பாளரை விட்டுவிடும். அவரைப் பிடிக்க, ஆள் என்ன வேலை செய்கிறார் என்று பிரிக்கும் வேலை வகைப்பாடு வேண்டும். அதற்கான சர்வதேசப் பட்டியலான ஐ.எஸ்.சி.ஓ.-08இல் கலைஞர்களுக்கான குறியீடு 265, குயவர்களுக்கு 7314, துணி, தோல் கைவினைஞர்களுக்கு 7318. இரண்டையும் குறுக்கே வைத்தால் மூன்று கட்டம் கிடைக்கும்: படைப்புத் தொழிலில் இருக்கும் படைப்பாளி, அதே நிறுவனத்தின் கணக்கர், வேறு தொழிலில் இருக்கும் படைப்பாளி. மூன்றையும் கூட்டுங்கள், ஒருவரை இருமுறை எண்ணாமல்.

பெரிய ஓட்டை பகுதிநேர வேலையில்தான். முதன்மைத் தொழிலை மட்டும் கேட்கும் கணக்கெடுப்பில், வாரத்தில் ஐந்து நாள் வயலிலும் இரண்டு நாள் மேளத்தோடும் இருப்பவர் விவசாயியாக மட்டுமே பதிவாவார். இரண்டாம் தொழிலையும் மணிநேரத்தையும் கேளுங்கள். வாரம் 8 மணி நேரம் வாசிக்கும் ஐந்து பேர், 40 மணி நேரக் கணக்கில் ஒரு முழுநேர வேலை.

பிறகு செறிவு. வட்டாரத்தில் 50,000 வேலைகளில் 2,000 படைப்புத் தொழிலில் என்றால் 4%. நாடு முழுவதற்கும் அது 2.5% என்றால், செறிவு எண் 4 ÷ 2.5 = 1.6. ஒன்றைத் தாண்டினால் அந்தத் தொழில் அங்கே சராசரியைவிட அடர்த்தி. சிறிய வட்டாரத்தில் ஒரே ஒரு கூடம் மூடப்பட்டாலும் எண் சரியும். ஆகவே மூன்றாண்டுச் சராசரி நல்லது.

பணத்துக்கு வரும்போது விற்பனையைக் கூட்டாதீர்கள், கூடுதல் மதிப்பைக் கூட்டுங்கள்: அதாவது, விற்ற தொகையில் பிறரிடம் வாங்கியதைக் கழித்தபின் ஒவ்வொருவரிடமும் மிஞ்சுவது. ஒரு புத்தகம்: எழுத்தாளருக்கு 20, அச்சகத்துக்கு 50, கடைக்குப் பதிப்பாளர் தரும் விலை 100, வாசகர் கொடுப்பது 140. நான்கையும் கூட்டினால் 310. அச்சகம் 20க்குத் தாளை வெளியூரில் வாங்கியிருந்தால், வட்டாரத்தில் உண்மையில் உருவானது எழுத்தாளர் 20, அச்சகம் 30, பதிப்பாளர் 30, கடை 40: மொத்தம் 120 மட்டுமே. நிதி கேட்கும் விண்ணப்பங்களில் பெருமையாக மின்னும் தொகைகள் பல 310 வகையைச் சேர்ந்தவை.

விழாக்களில் இன்னும் கவனம் தேவை. 10,000 பேர் வந்தார்கள் என்றால் உள்ளூர்க்காரர் 6,000 பேரைக் கழியுங்கள். விழா இல்லாவிட்டாலும் அந்தப் பணத்தை அவர்கள் அங்கேயே வேறெதிலாவது செலவழித்திருப்பார்கள். மீதி 4,000 பேரில் எப்படியும் வந்திருக்கக்கூடியவர்கள் 1,000 பேர் என்றால் அவர்களையும் நீக்குங்கள். எஞ்சுவது 3,000 பேரின் செலவு. இதை அறிய வாயிலில் இரண்டு கேள்வி போதும்: எங்கிருந்து வருகிறீர்கள், விழா இல்லையென்றால் இன்று இங்கே வந்திருப்பீர்களா?

அந்தச் செலவிலும் ஒரு பகுதி உடனே வெளியேறிவிடும்: ஒலிபெருக்கி வாடகை வெளி நிறுவனத்துக்கு, சம்பளம் வெளியூர்ப் பாடகருக்கு. ஒரு ரூபாய்ச் செலவு கைமாறிக் கைமாறி மொத்தம் எத்தனை ரூபாயாகிறது என்று சொல்லும் எண்தான் பெருக்கி. நாட்டுக்கான பெருக்கியை எடுத்து வட்டாரத்துக்குப் போடுவது இங்கேதான் தப்பாகிறது. இடம் சிறிதானால் வெளியிலிருந்து வாங்குவது அதிகம், பெருக்கி இறங்கும். எந்தத் தொழில் எதனிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் வட்டார உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணை இல்லையென்றால் பெருக்கியே வேண்டாம்; நேரடித் தொகையை மட்டும் கொடுங்கள்.