வீட் செட்டப்: டெவ் சர்வரில் ஓடும், சர்வரில் ஏற்றினால் வெள்ளைத் திரை

ரியாக்ட் போன்ற ஃப்ரண்ட்எண்ட் ப்ராஜெக்டை ஓட்டவும் கட்டவும் உதவும் கருவிதான் வீட் (Vite). 'என்பிஎம் ரன் டெவ்' அடித்ததும் நம் கணினியிலேயே லோக்கல்ஹோஸ்ட் 5173-இல் பக்கம் வந்துவிடும், செட்டப் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் டெவ் சர்வர் உங்கள் சோர்ஸ் ஃபைல்களை ஒன்றாகக் கட்டுவதில்லை, பிரவுசர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது. பில்ட் போடும்போதுதான் எல்லாம் சேர்ந்து டிஸ்ட் ஃபோல்டருக்குள் போகிறது. ரெண்டும் வேறு வேறு வழி. ஏற்றுவதற்கு முன்னால் பில்ட் போட்டு, 'வீட் பிரிவ்யூ' கொடுத்து ஒருமுறை பார்க்காமல் இருப்பதுதான் முதல் தவறு.

பார்த்தால் என்ன சிக்கும்? ரியாக்டில் இமேஜ் டேகின் சோர்ஸாக 'எஸ்ஆர்சி' ஃபோல்டரின் பாதையை வெறும் ஸ்ட்ரிங்காக எழுதியிருப்பீர்கள். டெவ் சர்வரில் லோகோ பளிச்சென்று தெரியும், பில்டில் காணாமல் போயிருக்கும், ஏனென்றால் டிஸ்டுக்குள் அப்படி ஒரு ஃபோல்டரே கிடையாது. படத்தை இம்போர்ட் செய்யுங்கள், இல்லையென்றால் பப்ளிக் ஃபோல்டரில் போடுங்கள்.

பிரிவ்யூவிலும் சிக்காத ஒன்று 'பேஸ்', அதாவது டொமைனில் உங்கள் தளம் தொடங்கும் பாதை. கிட்ஹப் பேஜஸில் ப்ராஜெக்ட் தளம் ரெப்போ பெயருக்குக் கீழே இருக்கும், ஆனால் பேஸை மாற்றாவிட்டால் இண்டெக்ஸ் ஃபைல் எல்லா ஸ்கிரிப்டையும் டொமைனின் வேரில் போய்த் தேடும். கன்சோலில் வரிசையாக 404, திரையில் ஒன்றுமில்லை. கான்ஃபிக்கில் ரெப்போ பெயரை, முன்னும் பின்னும் சாய்கோட்டோடு, பேஸாகக் கொடுங்கள். பக்கங்களுக்கு இடையே மாற்றிவிடும் ரவுட்டர் இருந்தால் அதன் பேஸ்நேமிலும் அதையே.

அடுத்தது கொஞ்சம் ஆபத்தானது. அமைப்பு மதிப்புகளை வைக்கும் என்வ் (.env) ஃபைலில் 'வீட்' (VITE_) முன்னொட்டோடு வைத்த மதிப்பைக் கோடில் எங்கே பயன்படுத்தினாலும் அது பில்டில் அப்படியே எழுத்து எழுத்தாகப் பதிந்துவிடும். டிஸ்டில் இருக்கும் ஜேஎஸ் ஃபைலைத் திறந்து அந்த மதிப்பைத் தேடிப் பாருங்கள், இருக்கும். மினிஃபை செய்து கோடைச் சுருக்கினால் மறைந்துவிடும், என்வ் ஃபைலை கிட்டில் ஏறாதபடி கிட்இக்னோரில் போட்டுவிட்டோமே என்பதெல்லாம் இங்கே செல்லாது. பேமெண்ட் கேட்வேயின் சீக்ரெட் கீ பேக்எண்டில் மட்டும்தான் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களா? கோடைத் திருத்துவது அப்புறம், முதலில் கீயை மாற்றுங்கள்.

டைப்ஸ்கிரிப்ட் கோடில் இருக்கும் டைப்களை வீட் நீக்கிவிட்டுப் போகும், சரிபார்க்காது. அதற்காகத்தான் டெம்ப்ளேட்டின் பில்ட் கமாண்டில் டைப்களைச் சரிபார்க்கும் 'டிஎஸ்சி' முன்னால் நிற்கிறது. எரர் வருகிறதே என்று அதைத் தூக்கிவிடுகிற ஆட்கள் உண்டு, என்ன சொல்ல! பில்டில் ஒரு ஃபைல் 500 கேபியைத் தாண்டுகிறது என்ற எச்சரிக்கை வந்தால் வரம்பை ஏற்றி அதன் வாயை அடைப்பதும் இதே ரகம். அட்மின் பக்கத்தில் மட்டும் வரும் சார்ட் லைப்ரரியை தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் டைனமிக் இம்போர்ட்டாக மாற்றினாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தால் மேக்கும் விண்டோஸும் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வரில் பில்ட் உடையும்.

கடைசியாக கேஷ். அசெட்ஸ் ஃபைல்களின் பெயரில், உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் ஹாஷ் இருப்பதால் அவற்றை ஒரு வருடம்கூட கேஷ் செய்யலாம். இண்டெக்ஸ் ஃபைலுக்கு மட்டும், ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்கச் சொல்லும் 'நோ-கேஷ்' கொடுங்கள், இல்லாவிட்டால் புது பில்ட் ஏற்றிய பிறகும் பழைய இண்டெக்ஸ், அழிந்துபோன பழைய ஃபைல்களையே கேட்டுக்கொண்டிருக்கும்.